சம்ஹாவின் வலது மட்கார்டு

ஹுமைது மூன்று வருடமாக ஒரு வண்டியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று அவன் மனைவி மோஸா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. காலைத் தொழுகை முடிந்ததும் மூன்று பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, இரண்டு மிடறு காப்பியையும் குடித்துவிட்டு காஃப் மரத்தடிக்குப் போனான் என்றால், நடுப்பகல் லுஹர் பாங்குக்கு டீசல் நாற்றத்தோடுதான் திரும்புவான். சோறு தின்பான், கண்ணயர்வான், வெயில் தாழ்ந்ததும் மறுபடி மரத்தடி. மகளுக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்த அன்றைக்கு, "அல்லாஹ் ஆயுசக் குடுக்கட்டும்" என்று சொன்ன அதே மூச்சில், "பின் ஆக்சில்ல எண்ணெய் கசியுது மோஸா" என்றும் சொன்னவன் அவன்.

வண்டி, எழுபத்தாறாம் வருடத்து லேண்ட் க்ரூஸர். குட்டை உடம்பு, துணிக்கூரை, மடக்கிச் சாய்க்கிற முன் கண்ணாடி. அவன் வாப்பா ஹாரிப் ஓட்டியது. ஒட்டகத்துக்கு வைப்பதுபோல அதற்கு சம்ஹா என்று பெயர் வைத்திருந்தார். பிதியாவுக்கு வெளியே மணல் தொடங்குகிற அந்தப் பக்கத்தில், ஐம்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் சம்ஹாவைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். தேள் கொட்டினவனை ஏற்றிப் போனது, புதுப்பெண்ணைக் கொண்டுவந்தது, வறட்சியில் குடிசை குடிசையாகத் தண்ணீர் டிரம் இறக்கியது, அன்று ஈன்ற ஒட்டகக் கன்றைத் தாய் பின்னாலேயே ஓடிவர ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பிறகு ஏசி வைத்த வண்டிகள் வந்தன. ஹாரிப்புக்கு முழங்கால் போயிற்று. சம்ஹா மரத்தடியில் நின்றது. ஹாரிப் மவுத்தாகியும் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. ஹுமைது கைவைக்கும்வரை ஆடுகள்தான் அதில் குடியிருந்தன.

ஹுமைது தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். வேலையை விட்ட மறுநாளே ஆடுகளை விரட்டினான். இஞ்சின் இறுகிக் கிடந்தது. ஆறு சிலிண்டரிலும் டீசலை ஊற்றி, நாற்பது நாள் தினமும் போய்க் கைப்பிடியைப் போட்டு அசைத்துப் பார்த்தான். நாற்பத்தோராம் நாள் விரற்கடை அசைந்தது. அன்றைக்கு வீட்டுக்கு ஓடிவந்து மோஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கல்யாணத்தன்றைக்கும் இப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லையாம். சாஸியின் குழாய்களுக்குள் புகுந்திருந்த மணலை வெளியேற்ற, மரச்சுத்தியால் ஒரு நாள் பூராவும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு சாக்கு மணல் கொட்டியது.

தட்டியது அவனும் ஷம்பேயும். ஷம்பே பலூச்சி, பிதியாவில் டிங்கர் பட்டறை வைத்திருப்பவன். நாற்பத்தைந்து வயது, வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நல்ல கை. வெள்ளிக்கிழமைகளில் பட்டறையைச் சாத்திவிட்டு, சம்ஹாவின் தகரத்தைப் பார்க்க மரத்தடிக்கு வருவான்.

"அபூ ராஷித், இந்தக் கதவ நான் தட்டி எடுக்கிறதுக்குப் புதுக் கதவு ஒண்ணு பெத்துப் போட்டுடலாம்" என்பான், ஹுமைதை மூத்த மகன் பெயரால் கூப்பிட்டு.

"பெத்துப் போடு. ஆனா இடது கதவுல இருக்கிற குறியத் தொட்டீன்னா கைய ஒடிச்சிருவேன்."

இடது கதவில் ஹாரிப் வீட்டுக் குறி உளியால் கொத்தியிருந்தது. அரிவாள் மாதிரி வளைந்த ஒரு கோடு, கீழே ஒரு புள்ளி. ஒட்டகத்தின் கழுத்தில் சுடுகிற அதே குறி. நம்பர் பிளேட் போலீஸ்காரன் கொடுப்பது, குறி நம்முடையது என்பது அந்தக் காலத்து மனுஷர்களின் கணக்கு. சம்ஹா தயாரானதும் நவம்பர் மாதத்து தேசிய நாள் ஊர்வலத்தில் பழைய வண்டிகளுக்கெல்லாம் முன்னால் அதுதான் போகவேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஹுமைது புது திஷ்தாஷா அங்கியே தைத்து வைத்திருந்தான்.

பேரீச்சை வெட்டு முடிந்து, கடல்காற்றில் காலையில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கிற நாட்கள் அவை. மிச்சம் இருந்தது வலது மட்கார்டு ஒன்றுதான். ஷம்பே உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். மேலே மணல் நிறம், அதற்கடியில் வெள்ளை, அதற்கும் அடியில் பச்சை.

"இங்க வாங்க" என்றான். "இது ஒடுக்கு இல்ல. யாரோ வேணும்னே பட்டி பூசியிருக்காங்க. ரொட்டி கனத்துக்கு."

"பேத்து எடு."

பட்டி ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் உளி வெட்டு. ஹுமைது துணியால் துடைத்தான். ஒரு வளையம். அதன் கீழே இரண்டு கோடு.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எழுத்துப் படிப்பதற்கு முன்னால் குறி படிப்பார்கள். நாற்பது வீட்டுக் குறி ஹுமைதுக்கு ஏழு வயதிலேயே தெரியும். வளையமும் இரண்டு கோடும் கடற்கரையில் ஸுவைலம் வீட்டுக் குறி. மணலைத் தாண்டி, மூன்று மணி நேரப் பாதை. அந்தக் குறி போட்ட ஒட்டகங்களைக் குளிர்காலத்தில் கிணற்றடியில் நூறு தடவை பார்த்திருக்கிறான். அடுத்தவன் குறி போட்ட மிருகம் வழிதவறித் தொழுவத்துக்கு வந்தால் தண்ணி காட்டிச் சொல்லி அனுப்பவேண்டும். அதன் குறியை மறைத்துத் தன் குறியைப் போடுகிறவனுக்கு அந்த மணலில் ஒரே பெயர்தான் உண்டு.

ஷம்பே அவன் முகத்தைப் பார்த்தான்.

"யாருது?"

"கடற்கரைக்காரங்களுது."

"சரி. நான் எதையும் பாக்கல." ஷம்பே பட்டி டப்பாவைத் திறந்தான். "அரை மணி நேர வேலை. பூசி, தேச்சு, ரெண்டு கோட்டு பெயிண்டு அடிச்சா ஜின்னு வந்தாலும் கண்டுபிடிக்காது. ஊர்வலத்துக்குப் பதினஞ்சு நாள்தான் இருக்கு."

"வேணாம்."

"முப்பது வருஷமா பட்டிக்கு அடியில தூங்கினது, இன்னும் முப்பது வருஷம் தூங்கட்டுமே. உங்க வாப்பா பூசினத நாம எதுக்குப் பேக்கணும்?"

"வேணாம்னா வேணாம். டப்பாவ மூடு" என்று கத்தினான் ஹுமைது. மூன்று வருடத்தில் ஷம்பேயிடம் அவன் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஷம்பே டப்பாவை மூடி, கையைக் கழுவிக்கொண்டு, சாப்பாட்டுக்கும் நிற்காமல் போய்விட்டான்.

மோஸா விஷயத்தைக் கேட்டதும் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ன சொல்ற? மாமா திருடினாங்கன்னா?"

"நான் சொல்லல. மட்கார்டு சொல்லுது."

"வாங்கியிருப்பாங்க."

"வாங்கின வண்டின்னா அவங்க குறி மேலயே நம்ம குறிய வெட்டி, பழச அடிச்சு விட்டிருப்பாங்க. அதான் முறை. பட்டி பூசி மறைச்சிருக்கு மோஸா."

"நீ அப்ப எங்க இருந்த?"

"அபுதாபியில. சின்ன வாப்பாவோட ஒட்டகம் மேச்சுக்கிட்டு. நம்ம கல்யாணத்துக்குத்தான் வந்தேன். வந்தப்ப வண்டி இருந்துச்சு. வாப்பா குறியோட இருந்துச்சு. எப்ப வந்துச்சுன்னு கேட்டேன். அல்லாஹ் குடுத்தான்னு சொன்னாங்க."

மோஸாவுக்கு வந்த கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இந்த வண்டியிலதான் நான் மணப்பொண்ணா வந்தேன். பிதியா பூரா பாத்துச்சு. மாப்பிள்ள வீட்டுல வண்டி இருக்குன்னுதான் எங்க வாப்பா சம்மதிச்சாங்க. திருட்டு வண்டியிலயா என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

"குடுத்தா? ஊரு என்ன கேக்கும்? ஹாரிப் மகன் வண்டிய எதுக்கு அங்க விட்டுட்டு வந்தான்னு கேக்கும். செத்தவங்கள எழுப்பி வச்சு அசிங்கப்படுத்துவியா? ஷம்பே சொல்றதுதான் சரி. பூசு."

"பூசிட்டு எப்படி ஓட்டுறது?"

"இத்தன வருஷம் அவங்க ஓட்டினாங்கல்ல?"

வாப்பா என்றால் ஹுமைதுக்கு உயிர். வாய் நிறையப் பேசாத மனுஷன், ஆனால் தாகம் என்று வந்தவனை ஒருநாளும் திருப்பி அனுப்பாதவர். அவரைத் திருடன் என்று நினைக்கவும் முடியவில்லை, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. மூன்று நாள் மரத்தடிக்குப் போவான், மட்கார்டைப் பார்ப்பான், வந்துவிடுவான். நாலாம் நாள் காலையில், மணலில் புதையாமல் இருக்க, டயர்களில் காற்றைப் பாதியாக இறக்கினான். மோஸா ஒன்றும் கேட்காமல், ரொட்டியில் தேன் தடவி மடித்து, ஒரு தூக்குப் பேரீச்சம்பழத்தோடு சீட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

"பழம் அவங்களுக்கு. வெறுங்கையோட போகாத" என்றாள்.

சம்ஹா அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை ஹுமைது சாகும்வரை மறக்கமாட்டான். இஞ்சின் ஒரு தடவை இருமவில்லை. கண்ணாடியை மடக்கிவிட்டு, முகத்தில் காற்று அறைய, மணல்மேடுகளின் முதுகில் ஏறி இறங்கிப் போனான். இரண்டாம் கியர் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நழுவும். முழங்காலால் கம்பியை அணைத்துப் பிடித்துக்கொள்ளவேண்டும். வாப்பாவும் அப்படித்தான் பிடிப்பார். ஒரு மேட்டின் உச்சியில் நிறுத்தி இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். இப்படியே திரும்பிவிடலாம் என்று தோன்றியது. அவமானத்தைவிட, இதை விட்டுப் பிரிவதுதான் அவனைப் போட்டு வாட்டியது. அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்தான்.

கடல் தெரிவதற்கு முன்னால் கருவாட்டு வாசனை வந்தது. ஸுவைலம் வீடு கரையை ஒட்டிய சிமெண்ட் வீடு. முற்றத்தில் சுறாவை வகுந்து கயிற்றில் காயப்போட்டிருந்தார்கள். இஞ்சின் சத்தம் கேட்டு அந்தக் கரைப் பெண்கள் அணிகிற முகமூடியோடு ஒரு கிழவி வெளியே வந்தாள். ஸுவைலமின் மனைவி நஸ்ரா. எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது, கண்ணில் பூ விழுந்திருந்தது. அவள் ஹுமைதைப் பார்க்கவில்லை. நேராக வண்டியிடம் போனாள். வலது மட்கார்டில் கையை வைத்துத் தடவினாள். விரல் வளையத்தில் நின்றது.

"ஹாரிப் மகனா?" என்றாள்.

"ஆமா காலா" என்றான், சின்னம்மா முறை வைத்து.

"உள்ள வா."

சுகம் கேட்டார்கள், மழை கேட்டார்கள், ஒட்டகம் கேட்டார்கள். அவள் மகன் மத்தார் கடலுக்குப் போயிருந்தான், மதியத்துக்கு வந்துவிடுவானாம். ஸுவைலம் மவுத்தாகி நாலு வருடம் ஆயிற்று என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. நஸ்ரா காப்பி ஊற்றிக் கொடுத்தாள். ஹுமைது கோப்பையை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தான். கேட்டு வந்த காரியம் நடக்கும் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுக்கும்வரை கோப்பையைத் தொடாமல் இருப்பது அங்கே வழக்கம்.

"சரி, குடி. நீ கேட்டு வந்தது கெடச்சாச்சு" என்றாள் நஸ்ரா.

"கேட்டு வரல காலா. குடுக்க வந்தேன்."

"குடுக்க வந்தவன் எவனாவது காப்பியக் கீழ வைப்பானா? ஹாரிப் உனக்கு இதுகூடச் சொல்லித் தரலையா? எடுத்துக் குடிடா."

அவன் எடுத்துக் குடித்தான். குடித்ததும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வாயில் வந்துவிட்டது.

"காலா, எங்க வாப்பா இத எடுத்துட்டு வந்தாங்களா?"

நஸ்ராவுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அஸ்தக்ஃபிருல்லாஹ்! மூணு மணி நேரம் இத நெனச்சுக்கிட்டா வந்த? உன் வாப்பாவா? அந்த மனுஷனா? கேளுடா மடையா. எழுபத்தெட்டுல உங்க வாப்பா ஒட்டகம் பூரா நோய்ல செத்துச்சு. பதினெட்டு. ஒத்த வாரத்துல. உன்னை அபுதாபிக்கு அனுப்பினதே சோத்துக்கு இல்லாமத்தான். எங்க வீட்டுக்காரரு அப்ப எண்ணெய்க் கம்பெனி முகாம்ல வேலை, புதுசா இந்த வண்டி எடுத்திருந்தாரு. மனீஹாவா குடுத்தாரு."

பால் வற்றிய வீட்டுக்குக் கறவை ஒட்டகத்தைக் கொடுப்பதுதான் மனீஹா. பால் குடிக்கிறவனுக்கு, மிருகம் கொடுத்தவனுக்கு.

"வண்டிய யாராவது மனீஹா குடுப்பாங்களான்னு நான் சிரிச்சேன். ஏன், தண்ணி சுமந்தா காசு வரும், அதான் பாலுன்னாரு. ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்து வளந்தவங்க. குடுக்கிறேன்னு இவருக்கும் தோணல, வாங்குறேன்னு அவருக்கும் தோணல."

"அப்புறம் பட்டி?"

"அதுவா. உனக்குப் பொண்ணு பாத்தாங்க. பிதியாக்காரங்க, தோட்டந்துரவு உள்ளவங்க. மாப்பிள்ள வீட்டைப் பாக்க வர்றாங்கன்னு சேதி. உன் வாப்பா இங்க வந்து முகத்தத் தொங்கப்போட்டு உக்காந்தாரு. வண்டியில அடுத்தவன் குறி இருக்கே, என்ன நெனப்பாங்கன்னு. எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சாரு. இந்தா, இந்த முற்றத்துலதான். அவரே பட்டி கொழச்சு அவரே பூசினாரு. கதவுல உங்க குறிய வெட்டினதும் அவர் உளிதான். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேத்துக்கலாம்னு சொல்லி அனுப்பினாரு."

ஹுமைது தலையைக் குனிந்துகொண்டான். தன் கல்யாணத்துக்காக என்பது அவனை எங்கேயோ போய்க் குத்தியது.

"கல்யாணம் முடிஞ்சுச்சு. உன் வாப்பா வரல. இன்னைக்கு வருவாரு நாளைக்கு வருவாருன்னு இருந்தோம். பேத்தா சம்பந்தி வீட்டுல மானம் போயிரும்னு நெனச்சிருப்பாரு. பேக்காம எப்படி இங்க வர்றதுன்னும் நெனச்சிருப்பாரு. விசேஷத்துல பாத்தா தூரமா ஸலாம் சொல்லிட்டுப் போயிருவாராம். உங்க பக்கத்துப் பெருசுங்க எல்லாருக்கும் தெரியும். மகன்கிட்ட வாப்பா குறைய யாரு வந்து சொல்லுவா?"

"ஸுவைலம் மாமா ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே காலா."

"கறக்கிற மாட்ட எவனாவது திருப்பிக் கேப்பானா? வத்தினா தானா வரும்னாரு. வண்டி நின்னுபோச்சு, மரத்தடியில ஆடு படுக்குதுன்னு கேள்விப்பட்டோம். அப்பவும் வரல. நீ தப்பா நெனக்காத, இவரு வண்டிக்காக வாசலப் பாக்கல. வண்டிய நாங்க என்னைக்கோ மறந்துட்டோம். ஆளு வருவான்னு பாத்தாரு."

அவள் முகமூடியைக் கொஞ்சம் தூக்கி மூக்கைச் சிந்தினாள். பிறகு சிரித்தாள்.

"உங்க வாப்பா மவுத்துக்கு இவரு வந்தாரு தெரியுமா? மூணு நாள் அங்க உக்காந்திருந்தாரு. கெளம்பும்போது மரத்தடியில போய் வண்டியத் தொட்டுப் பாத்திருக்காரு. நீ வந்து, பெரியவரே, இது விக்கிறதுக்கு இல்லன்னு சொன்னியாம். இங்க வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. பய வாப்பாவ மாதிரியே இருக்கான்னு."

ஹுமைதுக்கு ஞாபகம் வந்தது. ஒல்லியாக, வெள்ளைத் தாடி வைத்த கடற்கரைக்காரர். துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் அவர் யாரென்று அவன் கவனிக்கவில்லை. வியாபாரி என்று நினைத்து வெடுக்கென்று சொன்னான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஹுமைது எழுந்து, சாவியை அவள் முன்னால் வைத்தான்.

"வாங்கிக்கங்க காலா. மன்னிச்சிருங்க."

வைக்கும்போதும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. நீயே வச்சுக்க மகனே என்று அவள் சொல்லிவிடுவாள் என்று குழந்தை மாதிரி நம்பினான். ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு அது அழகில்லைதான், ஆனால் நம்பினான்.

நஸ்ரா சாவியை எடுத்து முக்காட்டு நுனியில் முடிந்துகொண்டாள்.

"வாங்கிக்கிட்டேன்" என்றாள். "உன் மூஞ்சி போற போக்கு தெரியுது. எனக்குக் கண்ணுதான் மங்கல். வேணாம்னு சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனா சொன்னா உன் வாப்பா அங்க கபுர்லயும் வாங்கினவராத்தான் கெடப்பாரு. அவரு வீட்டுல இருந்து வந்தா மறுக்காம வாங்கிக்க, மறுத்தா அவங்க மறுபடி நம்ம வாசலுக்கு வரமாட்டாங்கன்னு சொல்லிட்டுத்தான் இவரும் போனாரு. முடிஞ்சுச்சு. இனி நீ இங்க வந்து நிமிந்து உக்காந்து காப்பி குடிக்கலாம்."

மத்தார் வந்தான். நாற்பது வயது, தோளெல்லாம் உப்பு. சுறாக் கருவாட்டை உதிர்த்து எலுமிச்சை பிழிந்து சோற்றில் போட்டு, மூவரும் மோஸா கொடுத்த பழத்தோடு சாப்பிட்டார்கள். நஸ்ரா ஒரே தட்டில் கையை விட்டு ஹுமைதின் பக்கம் கருவாட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் மத்தார்தான் அவனைக் கொண்டுவிட வந்தான், சம்ஹாவில். ஹுமைது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். அந்த வண்டியில் அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்ததே இல்லை. மத்தார் கிளட்சை விடும்போதெல்லாம் இவன் கால் தரையை மிதித்தது. முதல் பள்ளத்தில் இரண்டாம் கியர் நழுவி, பல்சக்கரம் கறகறவென்று அரைத்தது. ஹுமைது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். இரண்டாவது பள்ளத்திலும் அரைத்தது.

"முழங்காலால அணைச்சுப் பிடிங்க தம்பி."

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம். ஒட்டகத்த அணைக்கிற மாதிரி. ஆங், அப்படித்தான். காலையில சோக்க முழுசா இழுக்காதீங்க, பாதி போதும். நின்னுபோனா உடனே திருகாதீங்க, பத்து எண்ணுங்க." வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போயிற்று.

வீட்டு முன்னால் வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. சத்தம் கேட்டு மோஸா முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள். வண்டி நின்றது. ஹுமைது எந்தப் பக்கமிருந்து இறங்குகிறான் என்று பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஆனால் உடனே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "இறங்கி வாங்க தம்பி, காப்பி சூடா இருக்கு" என்றாள்.

மத்தார் இரண்டு கோப்பை குடித்தான். வெள்ளிக்கிழமை உம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி எழுந்தான். வண்டியைத் திருப்பும்போது இஞ்சின் நின்றுவிட்டது. ஹுமைது நாலு அடி ஓடி, பிறகு தானாக நின்றான். மத்தார் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு பத்து எண்ணினான். சாவியைத் திருகினான். சம்ஹா பிடித்துக்கொண்டது.

சத்தம் மணலுக்குள் அமுங்கும்வரை இருவரும் நின்றார்கள். ஹுமைது நடந்ததையெல்லாம் மோஸாவிடம் சொன்னான், ஸுவைலம் வந்து வண்டியைத் தொட்டது உட்பட. சொல்லி முடித்தபோது அவன் தாடி நனைந்திருந்தது.

"வண்டிக்காகவா அழற?" என்றாள் மோஸா. "ஊர்வலம் போனா போகுது."

"வண்டிக்கு இல்ல மோஸா." அவன் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தான். "மூணு மணி நேரம். மூணே மணி நேரப் பாதை. இருபது வருஷம் வாப்பா போகாமலே இருந்துட்டாங்க."

மோஸா காப்பிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

"வெள்ளிக்கிழமைக்கு எந்த ஆட்ட அறுக்கிறதுன்னு வந்து பாரு" என்றாள்.